ஒரு மணி நேரத்தில் வரும் நிமோனியா ரிப்போர்ட்: புற்றுநோயாளிக்கு அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

கீமோதெரபியில் இருக்கும் ஒருவர் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்கிறார். சி.டி. ஸ்கேனில் நுரையீரலில் வெள்ளையாக ஒரு திட்டு. 'நிமோனியா பேனல்' என்று ஒரு டெஸ்ட் எடுக்கவேண்டும் என்கிறார்கள். பல ஆயிரம் ரூபாய் ஆகும். ரிப்போர்ட் அன்றைக்கே வந்துவிடுகிறது. இரண்டு கிருமிகளின் பெயர், ஒரு மரபணுவின் பெயர், பக்கத்தில் சில எண்கள். ஆனாலும் மருத்துவர் மருந்தை மாற்றுவதில்லை. இன்னொருவருக்கு ரிப்போர்ட்டில் கிருமி எதுவுமே இல்லை. அவருக்கும் ஆன்டிபயாடிக் நிற்பதில்லை. அப்புறம் எதற்கு இந்த டெஸ்ட் என்று குடும்பத்தார் கேட்பது நியாயம்தான். பதில் சொல்ல, கொஞ்சம் அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

## முதல் டோஸ் டெஸ்டுக்காகக் காத்திருக்காது

நுரையீரலின் காற்றுப்பைகளில் கிருமி பெருகி, நீரும் சீழும் தேங்கி, ஆக்ஸிஜன் ரத்தத்தில் கலக்க முடியாமல் போவது நிமோனியா. அந்தச் சீழில் பெரும்பகுதி நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள். கீமோ மருந்து எலும்பு மஜ்ஜையை அடக்கும்போது முதலில் அடிவாங்குபவை இவைதான். பல மருந்துகளுக்கு, சிகிச்சை தொடங்கி 7 முதல் 14 நாளுக்குள் இவற்றின் எண்ணிக்கை அடிமட்டத்துக்கு வரும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து. தீவிர ரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சையில் கிட்டத்தட்ட பூஜ்யத்தில் வாரக்கணக்கில் நிற்பதும் உண்டு.

சீழ் உண்டாக்க அணுக்களே இல்லாதபோது நோயின் அடையாளங்களும் மங்கிவிடுகின்றன. நிமோனியா இருந்தும் எக்ஸ்ரே சுத்தமாக வரலாம். சளி வராமல் போகலாம். பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் துப்பு. ஆகவே வெள்ளை அணு குறைந்திருக்கும் ஒருவருக்கு உடல் வெப்பம் ஒருமுறை 38.3 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே, அதாவது 101 டிகிரி ஃபாரன்ஹீட், அது அவசர நிலை. 38 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலும் அப்படித்தான். ரத்த மாதிரி எடுத்த கையோடு, முதல் ஒரு மணி நேரத்துக்குள் பரந்த வீச்சுள்ள ஆன்டிபயாடிக்கைப் போட்டுவிட வேண்டும் என்பது நடைமுறை.

ஆக முதல் டோஸ் எப்போதும் ஊகத்தில் போவது. அதை எந்த டெஸ்டும் தீர்மானிப்பதில்லை, தீர்மானிக்கக் காத்திருக்கவும் கூடாது. டெஸ்டின் வேலை அடுத்தடுத்த டோஸ்களில்தான் தொடங்குகிறது: எதைச் சேர்ப்பது, எதை மாற்றுவது, எதை நிறுத்துவது.

இன்னொன்று. புற்றுநோயாளிகள் எல்லாருக்கும் எதிர்ப்புச் சக்தியில் ஒரே ஓட்டை இல்லை. நியூட்ரோபில் இல்லாதவரைச் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாவும் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையும் தாக்கும். மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் உள்ளவருக்குச் சரியான ஆன்டிபாடி உற்பத்தி குறைவு என்பதால் நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் பயம் அதிகம். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவருக்கு நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை. நுரையீரல் புற்றுநோயில் கட்டியே மூச்சுக்குழாயை அடைத்து, அதற்குப் பின்னால் சளி தேங்கி நிமோனியா வரும். அடைப்பு நீங்காதவரை எந்த மருந்தும் அரைகுறையாகத்தான் வேலை செய்யும்.

## கல்ச்சர் ஏன் போதவில்லை

பழைய முறை கல்ச்சர். சளியையோ நுரையீரல் கழுவிய நீரையோ ஊட்டத் தட்டில் தடவி, கிருமியை வளர்த்து, பிறகு எந்த மருந்துக்கு அது அடங்குகிறது என்று பார்ப்பது. முழு ரிப்போர்ட் வர 48 முதல் 72 மணி நேரம். உயிருள்ள கிருமி வேண்டும் என்பதுதான் இதன் பலம், பலவீனம் இரண்டுமே. ஏற்கெனவே இரண்டு டோஸ் ஆன்டிபயாடிக் போயிருந்தால் தட்டில் ஒன்றும் வளராமல் போகலாம். புற்றுநோயாளிகளில் இது சாதாரணம், ஏனென்றால் அவர்களில் பலர் தடுப்பு மருந்தாகவே ஏதாவது ஒரு ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் வளர்ந்துவிட்டால், இந்த மருந்து கேட்கும், இது கேட்காது என்று நேரடியாகச் சொல்லக்கூடியது கல்ச்சர்தான். அந்த இடத்தை இன்னும் யாரும் பிடிக்கவில்லை.

## பேனல் என்ன செய்கிறது

மூலக்கூறு பரிசோதனை கிருமியை வளர்ப்பதில்லை. அதன் மரபணுத் துண்டைத் தேடுகிறது. 1983-ல் கேரி முல்லிஸ் கண்டுபிடித்த பி.சி.ஆர். முறைதான் அடிப்படை. குறிப்பிட்ட டி.என்.ஏ. துண்டு இருந்தால் அதைக் கோடிக்கணக்காகப் பிரதியெடுத்துக் கண்ணில் படவைப்பது. கோவிட் காலத்தில் இந்தப் பெயர் வீடுதோறும் பழகிவிட்டது. காசநோயில் அதற்கும் முன்பே வந்துவிட்டது: ஜீன்எக்ஸ்பெர்ட் டெஸ்டை உலக சுகாதார நிறுவனம் 2010 இறுதியில் பரிந்துரைத்தது, கோவாவில் தயாராகும் ட்ரூநாட் 2020-ல் அதே அங்கீகாரம் பெற்றது.

நிமோனியா பேனல் ஒரே கார்ட்ரிட்ஜில் பல பி.சி.ஆர்.களை அடுக்குகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-ல் இரண்டு கருவிகளுக்கு அனுமதி தந்தது: யூனிவெரோ, ஃபிலிம்அரே. முதலாவது நான்கைந்து மணி நேரம் எடுக்கும். இரண்டாவதுக்குச் சுமார் ஒரு மணி நேரம். ஃபிலிம்அரே பேனலில் 18 பாக்டீரியாக்கள், 8 வைரஸ்கள், 7 மருந்து எதிர்ப்பு மரபணு அடையாளங்கள் இருக்கின்றன. 18-ல் 15-க்குத் தோராயமான அளவும் சொல்லும். லெஜியோனெல்லா, மைக்கோபிளாஸ்மா, கிளமிடியா ஆகிய மூன்றுக்கு மட்டும் உண்டு, இல்லை என்ற பதில்தான்.

'ஒரு மணி நேரம்' என்பது கருவிக்குள் கார்ட்ரிட்ஜ் நுழைந்த பிறகான கணக்கு. இரவு 9 மணிக்கு எடுத்த சளி காலையில்தான் லேப் போகும் என்றால், ரிப்போர்ட் வந்தும் அதைப் படித்து மருந்துச் சீட்டைத் திருத்த அடுத்த ரவுண்ட்ஸ் வரை யாரும் இல்லை என்றால், அந்த வேகத்துக்குக் கொடுத்த காசு வீண். விளம்பரத் தாள்களில் இந்த வரி இருக்காது.

## ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி

1. பெயர் வந்தால் அதுதான் நோய்க்குக் காரணம் என்று பொருள் இல்லை. வாயிலும் தொண்டையிலும் நிரந்தரமாகக் குடியிருக்கும் கிருமிகள் உண்டு. மருத்துவமனையில் பல வாரம் இருந்தவரின் தொண்டையில் க்ளெப்சியெல்லாவோ சூடோமோனாஸோ நோய் செய்யாமலே ஒட்டிக்கொண்டிருக்கலாம். பி.சி.ஆருக்கு இந்த வேறுபாடு தெரியாது. இறந்த கிருமியின் டி.என்.ஏ.வையும் அது எண்ணும். எச்சில் கலந்த சளியைவிட, பிராங்கோஸ்கோபி மூலம், அதாவது மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டு, நுரையீரலைக் கழுவி எடுத்த நீர் நம்பகமானது என்பது இதனால்தான்.

2. எண்கள் மரபணுப் பிரதிகளின் எண்கள். ஒரு மில்லி லிட்டருக்கு 10 ஆயிரம், 1 லட்சம், 10 லட்சம், 1 கோடி அல்லது அதற்கு மேல் என்று நான்கு படிகளில் ஃபிலிம்அரே சொல்லும். கல்ச்சரில் எண்ணுவதைவிட இது பெரும்பாலும் கூடுதலாகத்தான் இருக்கும். பத்து மடங்கு வித்தியாசம் சாதாரணம். 10 ஆயிரத்தில் நிற்கும் கிருமியைப் பார்த்துப் பதறவும் தேவையில்லை. ஆனால் வெள்ளை அணுவே இல்லாதவரில் குறைந்த எண்ணிக்கையையும் அலட்சியம் செய்துவிட முடியாது. எல்லாருக்கும் பொருந்தும் கோடு என்று ஒன்று இல்லை.

3. எதிர்ப்பு மரபணுதான் ரிப்போர்ட்டின் மிகப் பயனுள்ள வரி. இது என் கருத்து. இந்தியச் சூழலில் இதை இன்னும் அழுத்தியே சொல்லலாம்.

மூன்றாவதைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும்.

என்.டி.எம். என்ற எதிர்ப்பு மரபணு 2008-ல் ஸ்வீடனில் ஒரு நோயாளியின் கிருமியில் கண்டறியப்பட்டது. அவர் அதற்குமுன் டெல்லியில் சிகிச்சை பெற்றவர். 2010-ல் சென்னை, ஹரியானா உள்ளிட்ட இடங்களின் மாதிரிகளை ஆராய்ந்து இது எவ்வளவு பரவியிருக்கிறது என்று காட்டிய ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். இன்று இந்திய ஐ.சி.யூ.க்களில் க்ளெப்சியெல்லா என்றாலே என்.டி.எம்., ஓ.எக்ஸ்.ஏ.-48 என்ற இரண்டு எதிர்ப்பு மரபணுக்களையும் சந்தேகிக்க வேண்டிய நிலை.

மருந்துத் தேர்வு இங்கேதான் பிரிகிறது. மெரோபெனம் போன்ற கார்பாபெனம் மருந்துகளை என்.டி.எம். உடைத்துவிடும். புதிய மருந்தான செஃப்டாசிடிம்-அவிபாக்டம் ஓ.எக்ஸ்.ஏ.-48 உள்ள கிருமியிடம் வேலை செய்யும், என்.டி.எம். இருந்தால் தனியாக அது பயன்படாது. அப்போது அஸ்ட்ரியோனம் என்ற பழைய மருந்தைக் கூடச் சேர்க்கிறார்கள். அஸ்ட்ரியோனத்தை என்.டி.எம்.-ஆல் உடைக்க முடியாது. கூடவே இருக்கும் மற்ற நொதிகள் அதை உடைக்காமல் அவிபாக்டம் பார்த்துக்கொள்ளும். இந்தத் தகவல் மூன்றாம் நாள் வருவதற்கும் முதல் நாள் மாலையே வருவதற்கும் வெள்ளை அணு இல்லாத ஒருவருக்கு எவ்வளவு வித்தியாசம் என்று சொல்ல வேண்டியதில்லை. சிறுநீரகத்தைப் பாதிக்கும், நுரையீரலுக்குள் சரியாகப் போய்ச் சேராத கொலிஸ்டினைக் கண்ணைமூடிக்கொண்டு தொடங்குவதையும் இது தவிர்க்கலாம். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை வாங்கி ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

எதிர்த் திசையிலும் ஆதாயம் உண்டு. எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற, வழக்கமான மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவை நினைத்து வான்கோமைசினோ லினிசோலிடோ சேர்த்திருப்பார்கள். நல்ல மாதிரியில் ஸ்டெஃபிலோகாக்கஸே இல்லை என்றோ, இருந்தும் அதன் மெக்-ஏ எதிர்ப்பு மரபணு இல்லை என்றோ வந்தால், பெரும்பாலும் அந்த மருந்தை நிறுத்திவிடலாம். லினிசோலிட் தொடர்ந்து போனால் பிளேட்லெட்டையும் எலும்பு மஜ்ஜையையும் அடக்கக்கூடியது. கீமோவில் இருப்பவருக்கு அதை ஒரு வாரம் குறைத்தாலும் லாபம்தான்.

4. மரபணு இல்லை என்றால் மருந்து கேட்கும் என்று அர்த்தம் இல்லை. இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. சூடோமோனாஸ் தன் சுவரின் வாசலை மூடிக்கொண்டோ, மருந்தை வெளியே பம்ப் செய்தோ கார்பாபெனத்திலிருந்து தப்பிக்கும். அதற்குத் தனி மரபணு தேவையில்லை. இந்தியாவில் அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவின் முக்கிய எதிர்ப்பு மரபணு ஓ.எக்ஸ்.ஏ.-23. அது ஃபிலிம்அரே பட்டியலில் இல்லை; யூனிவெரோவில் இருக்கிறது. ஆக, 'அசினெட்டோபாக்டர் உண்டு, எதிர்ப்பு மரபணு இல்லை' என்ற ஃபிலிம்அரே ரிப்போர்ட்டைப் பார்த்து நிம்மதி அடைவது தப்பு.

5. இரண்டு கிருமி, ஒரு மரபணு என்று வந்தால், அந்த மரபணு யாருடையது என்று பேனலுக்குத் தெரியாது. கல்ச்சர் வரும்வரை மோசமான வாய்ப்பை எடுத்துக்கொண்டே மருந்து கொடுப்பார்கள்.

## பட்டியலுக்கு வெளியே இருப்பவை

பேனல் பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரி. பெயர் எழுதியிருப்பவரை மட்டும் கூப்பிடும். பெயர் இல்லாதவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் கணக்கில் வரமாட்டார். சாதாரண நிமோனியாவில் இது பெரிய குறை இல்லை. புற்றுநோயாளியிடம் இதுதான் முதன்மையான குறை, ஏனென்றால் அவரைத் தாக்குபவற்றில் பல அந்தப் பதிவேட்டில் இல்லை.

ஃபிலிம்அரேயை எடுத்துக்கொண்டால், நியூமோசிஸ்டிஸ் இல்லை. அஸ்பெர்ஜில்லஸ், மியூகோர் போன்ற எந்தப் பூஞ்சையும் இல்லை. காசநோய் இல்லை. நோகார்டியா என்ற பாக்டீரியா இல்லை. சி.எம்.வி. வைரஸ் இல்லை. தமிழ்நாட்டிலும் கர்நாடகக் கடலோரத்திலும் மழைக்காலத்தில், குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளிடம் தலைகாட்டும் மெலியாய்டோசிஸ் கிருமியும் இல்லை.

ஸ்டெனோட்ரோஃபோமோனாஸ் என்ற பாக்டீரியா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீண்ட நாள் மெரோபெனம் போன ரத்தப் புற்றுநோயாளிகளிடம் இது முளைக்கும், ஏனென்றால் பிறவியிலேயே அதற்குக் கார்பாபெனம் கேட்காது. நுரையீரலில் ரத்தக் கசிவோடு ஓரிரு நாளில் ஆளை வீழ்த்தும் வகையும் உண்டு. அதற்கு முதலில் நினைவுக்கு வரவேண்டிய மருந்து விலை மலிவான கோ-ட்ரைமாக்சசோல். யூனிவெரோ இதைத் தேடும், ஃபிலிம்அரே தேடாது. எந்தக் கருவி என்று தெரியாமல் 'பேனல் நெகட்டிவ்' என்று மட்டும் கேஸ் ஷீட்டில் எழுதுவதன் ஆபத்து இதில் புரியும்.

கிருமியே இல்லாத காரணங்களும் இருக்கின்றன. பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற இம்யூனோதெரபி மருந்துகள் நுரையீரலில் அழற்சியை உண்டாக்கலாம், ப்ளியோமைசின் என்ற கீமோ மருந்தும் கதிர்வீச்சும்கூட. நோயே நுரையீரலில் பரவியிருக்கலாம், நீர் கோத்திருக்கலாம், ரத்தம் கசிந்திருக்கலாம். ஸ்கேனில் இவை நிமோனியா போலவே தெரியும். இம்யூனோதெரபி அழற்சிக்குச் சிகிச்சை ஸ்டீராய்டு. கிருமி இருக்கும்போது ஸ்டீராய்டு கொடுத்தால் நிலைமை மோசமாகலாம். நல்ல மாதிரியில் பேனல் நெகட்டிவ் வருவது, பூஞ்சை மற்றும் காசநோய் டெஸ்டுகளோடு சேர்ந்து, 'இனி ஸ்டீராய்டு தொடங்கலாம்' என்ற முடிவுக்கு ஒரு துணையாகும். தனியாக அது போதாது.

## ஆய்வுகள் சொல்வது

கைக்கு எட்டும் முக்கிய ஆய்வுகள் மூன்றுமே புற்றுநோயாளிகளுக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுவோம். சமூகத்தில் வரும் நிமோனியாவுக்கான அமெரிக்காவின் 2019 வழிகாட்டு நெறிகளும் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களை வரம்புக்கு வெளியே வைத்துவிட்டன.

சுவிட்சர்லாந்தின் பாசல் ஆய்வு, 2022-ல் வெளியானது. 208 பேர். பிராங்கோஸ்கோபி மாதிரியில் பி.சி.ஆர். செய்தவர்களுக்குப் பொருத்தமில்லாத ஆன்டிபயாடிக் ஓடிய நேரம் சராசரியாக 47 மணி. செய்யாதவர்களுக்கு 86 மணி.

நார்வேயின் பெர்கன் ஆய்வு, 2024. அவசரப் பிரிவுக்கு வந்த 374 பேர். கிருமியைக் குறிவைத்த சிகிச்சை பேனல் குழுவில் 35% பேருக்குக் கிடைத்தது, மற்றதில் 13% பேருக்கு.

இங்கிலாந்தின் இன்ஹேல் ஆய்வு இவற்றைவிட யோசிக்கவைப்பது. 14 ஐ.சி.யூ.க்கள், 500-க்கு மேற்பட்ட நோயாளிகள், மருத்துவமனையிலேயே தொற்றிய நிமோனியா, ஃபிலிம்அரே பேனல். 24 மணி நேரத்தில் பொருத்தமான, மிகையில்லாத ஆன்டிபயாடிக்கில் இருந்தவர்கள் பேனல் குழுவில் சுமார் 76%, மற்றதில் 56%. இதுவரை வெற்றிதான். ஆனால் 14 நாளில் குணமானவர்கள் பேனல் குழுவில் சுமார் 57%, மற்றதில் 65%. அதாவது மருந்துச் சீட்டு சீரானது. நோயாளிக்கு அது பாதகம் செய்யவில்லை என்று நிரூபிக்க முடியவில்லை.

இந்த வித்தியாசம் ஏன் என்பதற்கு உறுதியான விடை கிடைக்கவில்லை. பேனல் பார்த்து மருந்தைச் சுருக்கியது சிலருக்குக் குறைந்துபோயிருக்கலாம், ஊகத்தில் கொடுத்த பரந்த மருந்து பட்டியலில் இல்லாத எதையோ அடக்கியிருக்கலாம். எப்படியிருந்தாலும் வெள்ளை அணு 500-க்குக் கீழே இருக்கும்போது பேனல் ரிப்போர்ட்டை மட்டும் நம்பி சூடோமோனாஸுக்கான மருந்தை எடுத்துவிடுவது அவசரம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கூட்டுவதற்கும் மாற்றுவதற்கும் பேனலை வேகமாக நம்பலாம். குறைப்பதற்கு நிதானம் வேண்டும், எம்.ஆர்.எஸ்.ஏ. மருந்து மட்டும் இதற்கு விலக்கு. கட்டுரையின் தொடக்கத்தில் கேட்ட 'ஏன் மருந்தை மாற்றவில்லை' என்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

## எப்போது கேட்டு வாங்கலாம்

கையெழுத்து போடும் முன் மருத்துவரிடம் கேட்கத் தகுந்தவை:

1. இந்த ரிப்போர்ட் பாசிட்டிவ் என்றால் எந்த மருந்து மாறும், நெகட்டிவ் என்றால் எது மாறும்? இரண்டுக்கும் பதில் 'ஒன்றும் மாறாது' என்றால் செலவு தேவையில்லை.

2. மாதிரி எது? பிளேட்லெட் குறைந்தவருக்கு பிராங்கோஸ்கோபி என்றால் பயம் வருவது இயல்பு. சதைத் துணுக்கு எடுக்காமல் நீர்விட்டுக் கழுவி எடுப்பதில் ரத்தக்கசிவு ஆபத்து மிகக் குறைவு. ஆனால் மூச்சுத் திணறல் கூடியிருந்தால் அதுவே ஆளை வென்டிலேட்டருக்குத் தள்ளலாம். இதை நோயாளியைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய முடியும்.

3. அதே மாதிரியிலிருந்து கல்ச்சர், காசநோய்க்கான ஜீன்எக்ஸ்பெர்ட் அல்லது ட்ரூநாட், நியூமோசிஸ்டிஸ் பி.சி.ஆர்., அஸ்பெர்ஜில்லஸுக்கான காலக்டோமன்னன் டெஸ்ட் ஆகியவையும் போகின்றனவா? கழுவிய நீர் கொஞ்சம்தான் கிடைக்கும். பேனலுக்கே எல்லாம் தீர்ந்துபோனால் மறுபடி குழாய் விட வேண்டிவரும்.

## அடுத்து வருவது

பட்டியல் என்ற வரம்பைத் தாண்ட, மாதிரியில் உள்ள எல்லா டி.என்.ஏ.வையும் படித்துவிடும் வரிசைப்படுத்தல் முறைகள் வந்திருக்கின்றன. நுரையீரலுக்குள் குழாய் விடாமல், ரத்தத்தில் மிதக்கும் கிருமி டி.என்.ஏ. துணுக்குகளைப் படிப்பதும் அதில் ஒன்று. ரத்தப் புற்றுநோயோ ஸ்டெம்செல் மாற்று சிகிச்சையோ உள்ள நிமோனியா நோயாளிகள் 173 பேரிடம், அமெரிக்காவின் 10 மையங்களில் இதைச் சோதித்தார்கள். வழக்கமான பரிசோதனைகள் எல்லாம் சேர்ந்து காரணத்தைக் காட்டியது சுமார் 30% பேரில். இந்த ரத்த டெஸ்ட் மட்டுமே காரணத்தைக் காட்டியது மேலும் சுமார் 12% பேரில். நியூமோசிஸ்டிஸ், நோகார்டியா போன்று கல்ச்சரில் எளிதில் சிக்காதவையும் அவற்றில் உண்டு. விலை மிக அதிகம், மாதிரியைத் தனி லேபுக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும், எந்த மருந்து கேட்கும் என்பதையும் கல்ச்சர் போல அது சொல்லிவிடாது. அத்தனையும் செய்த பிறகும் அந்த 173 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நிமோனியாவின் காரணம் பிடிபடவில்லை.